விஜயனைப் பார்த்தேன், சேகர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே, வலிக்கிறது என்று நிறுத்தினால் காலை மடக்கவே முடியாமல் போய்விடும், என் அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது. இங்கே எல்லோரும் நலம். மில் வேலை முடிந்து எட்டு மாதம் ஆச்சு, காலையில் நாலரைக்கு விழிப்பு வருவது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம்ம ஃபுட்பால் ஹீரோ ஐ.எம். விஜயனை நேரில் பார்த்தேன். கையைப் பிடித்தேன். இதை உனக்கு போனில் சொல்ல மனசு வரவில்லை, எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தங்கச்சி பையன் கார்த்தி பள்ளிக்கூட டீமில் ஆடுகிறான் என்று சொல்லியிருந்தேன் இல்லையா, அவனைக் கூட்டிக்கொண்டு திருச்சூர் பக்கம் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஃபைனல் ஒன்றுக்குப் போனேன். நம்ம காலத்தில் குதிரான் மேட்டில் லாரிக்குப் பின்னால் பஸ் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்குமே, இப்போது அங்கே சுரங்கப்பாதை வந்துவிட்டது, பேசிக்கொண்டிருக்கும்போதே தாண்டிவிடுகிறது. ஆனால் அறுவடை முடிந்த வயல், பலகை அடித்த கேலரி, தட்டுத் தட்டாக வேர்க்கடலை, ஆளுக்கொரு டீமுக்குக் கத்துகிற ஊர்க்காரர்கள், இதெல்லாம் அப்படியே இருக்கிறது. பரிசு கொடுக்க விஜயன் வருகிறார் என்று அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரியும். எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து மேட்ச் கண்ணில் ஏறவே இல்லை.

கார்த்தியிடம் சொன்னேன், இன்றைக்கு விஜயன் வருகிறாராம் என்று. அவன் 'திமிரு' படத்து வில்லனா மாமா என்று கேட்டான். அவன் மேல் தப்பு சொல்ல முடியாது, நம்ம ஊரில் பாதிப் பேருக்கு அவரை அப்படித்தான் தெரியும். போனை எடுத்து அவர் கோல்களைத் தேடினான். கிடைத்தது என்ன தெரியுமா, மங்கலாக, ஆட்டக்காரர் முகமே தெரியாத சில துணுக்குகள். மெஸ்ஸியின் ஒவ்வொரு கோலையும் நாலு கோணத்தில் பார்க்கிற பையனுக்கு அதைக் காட்டி என்ன புரிய வைப்பது? எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, சேகர். இந்தியாவில் வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 1993, 1997, 1999 என்று மூன்று முறை வாங்கிய மனிதர். அவர் ஆடியதில் பெரும்பகுதி பார்த்தவர்கள் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது. உன் கண்ணிலும் என் கண்ணிலும் கொஞ்சம் இருக்கிறது. அதனால் கேலரியிலேயே உட்கார்ந்து அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

முதலில் சோடாக் கதையைச் சொன்னேன். அப்பா விபத்தில் போய்விட, வறுமையில் வளர்ந்த பையன், திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் மேட்ச் நடக்கும்போது சோடா விற்றிருக்கிறான், பாட்டிலுக்குப் பத்துக் காசு கூலி. பதினேழு வயதில் கேரளா போலீஸ் டீம் அவனை எடுத்துக்கொண்டது. அப்புறம் நாட்டின் கிளப் டீம்கள் மோதிய ஃபெடரேஷன் கப், 1990. நாம் ரெண்டு பேரும் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுக் குளிக்காமல்கூட பஸ் ஏறினோமே, அதே திருச்சூர். கோவா டீமான சல்கோகரை 2-1 என்று கேரளா போலீஸ் ஜெயித்ததும் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதது ஞாபகம் இருக்கிறதா? கேரளாவிலிருந்து ஒரு டீம் அந்தக் கோப்பையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. சத்யன், ஷரஃப் அலி, பாப்பச்சன், விஜயன். எல்லோரும் காக்கிச் சட்டைக்காரர்கள், சம்பளத்துக்குப் பந்து ஆடியவர்கள். நாமும் மில் டீமுக்கு ஆடிக்கொண்டிருந்த நேரம், அதனால்தான் அவர்கள் நமக்கு அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

விஜயனிடம் நம்மைக் கட்டிப்போட்டது எது என்று கார்த்தி கேட்டான். எனக்கு கோலை விடவும் பந்தை வாங்குகிற விதம்தான். உயரத்திலிருந்து வருகிற பந்து அவர் நெஞ்சில் பட்டால் அங்கேயே செத்துவிடும், கீழே விழுவதற்குள் அவர் திரும்பியிருப்பார். பின்னால் நிற்கிற டிஃபெண்டருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. நீ கொல்கத்தாவிலிருந்து எழுதிய கடிதத்தில், இங்கே மோகன் பகான் கிளப்காரர்கள் இவரைக் 'காலோ ஹரின்' என்கிறார்கள், கருப்பு மான் என்று அர்த்தம் என எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பஞ்சாபின் ஜே.சி.டி. டீமில் பைச்சுங் பூட்டியாவோடு சேர்ந்து ஆடி முதல் தேசிய லீக்கை ஜெயித்தது, எஃப்.சி. கொச்சினுக்குப் போய் 1997-ல் டூரண்ட் கோப்பையைக் கேரளாவுக்கு முதல்முறையாகக் கொண்டுவந்தது, காத்மாண்டுவில் 1999-ல் பூட்டானுக்கு எதிராக ஆட்டம் ஆரம்பித்துப் பன்னிரண்டே விநாடியில் போட்ட கோல், எல்லாம் சொன்னேன். பன்னிரண்டு விநாடி என்றதும்தான் பையன் போனைக் கீழே வைத்தான்.

மேட்ச் முடிந்து அவர் வந்தார். வேட்டி கட்டியிருந்தார். நம்மைவிட ரெண்டு வயது இளையவர், ஐம்பத்தாறு ஆகிறது, உடம்பு கொஞ்சம் போட்டிருக்கிறது, சிரிப்பு மட்டும் அந்தக் காலத்துப் பத்திரிகைப் படத்தில் பார்த்த அதே சிரிப்பு. குழந்தைகள் விஜயேட்டா விஜயேட்டா என்று மொய்த்துவிட்டார்கள். ஒருத்தரையும் தள்ளவில்லை, அவசரம் காட்டவில்லை, கையை நீட்டிய ஒவ்வொரு குழந்தைக்கும் கையைக் கொடுத்தார். எனக்கு முறை வந்தபோது, கோயமுத்தூரிலிருந்து வருகிறேனுங்க, தொண்ணூறு ஃபைனல் பார்த்தவன் என்று தமிழும் மலையாளமும் கலந்து உளறினேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முப்பத்தைந்து வருஷமாக என்னென்னவோ கேட்க வைத்திருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன். கண் கலங்கிவிட்டது.

அப்புறம் ஒன்று நடந்தது, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. யாரோ ஒரு பொடியன் தூரத்திலிருந்து பந்தை அவரை நோக்கித் தூக்கி அடித்தான். அவர் வேட்டியை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலை அரையடி பின்னால் இழுத்தார். பந்து பாதத்தில் வந்து உட்கார்ந்தது. சத்தமே இல்லை. ஒட்டிவைத்த மாதிரி நின்றது. அடுத்த கணம் திருப்பித் தட்டிவிட்டு வேறு யாரிடமோ பேசப் போய்விட்டார். அவருக்கு அது ஒன்றுமே இல்லை. கார்த்தி என் கையை இறுக்கிப் பிடித்தான். நான் ஒரு மணி நேரமாகச் சொல்லிப் புரிய வைக்க முயன்றதை அவர் ஒரே தொடுதலில் காட்டிவிட்டார்.

பத்மஸ்ரீ 2025-ல்தான் வந்தது. அர்ஜுனா விருதே 2003-ல், இந்தியாவுக்கு ஆடி முடிக்கிற நேரத்தில். என்னைக் கேட்டால் ரெண்டுமே பத்து வருஷம் தாமதம். 2025 ஏப்ரலில் மலபார் ஸ்பெஷல் போலீஸில் டெபுடி கமாண்டன்ட்டாக ஓய்வு பெற்றார், அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. சத்யனை நினைத்துக்கொண்டேன். 1992-ல் நம்ம கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 3-0 என்று அடித்து, பத்தொன்பது வருஷம் கழித்து, மாநில டீம்கள் மோதுகிற சந்தோஷ் டிராபியைக் கேரளாவுக்கு வாங்கிக் கொடுத்த கேப்டன். இந்தியன் வங்கிக்காகச் சென்னையிலேயே இருந்தவர். 2006-ல் பல்லாவரத்தில் ரயில் முன்னால் போய்விட்டார். மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த ஸ்டேஷன் வந்தால் என்னால் வெளியே பார்க்க முடிவதில்லை. அவரும் இருந்திருந்தால் இப்படி ஒரு வயல்வெளியில் குழந்தைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்.

திருச்சூரில் லாலூர் என்று ஒரு இடம், ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்த மேடு. அங்கே இப்போது விஜயன் பெயரில் விளையாட்டு வளாகம் கட்டியிருக்கிறார்கள். திரும்பும்போது இருட்டிவிட்டதால் போக முடியவில்லை. அடுத்த தடவை உன்னோடு போகிறேன்.

கார்த்தி அன்றிலிருந்து வீட்டுச் சுவரில் பந்தை அடித்து அடித்துக் காலில் நிறுத்திப் பார்க்கிறான். தங்கச்சி என்னைத் திட்டுகிறாள், சுவரெல்லாம் கறையாம்.

செவன்ஸ் சீசன் மே வரைக்கும் உண்டு. அதற்குள் உன் முழங்கால் சரியாகிவிடும், ஊன்றுகோலோடு வந்தாலும் பரவாயில்லை, கேலரியில் கீழ் வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாம். அப்புறம், 92 ஃபைனல் டிக்கெட்டின் கிழிந்த பாதி உன்னிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், பழைய டிரங்குப் பெட்டியில் தேடிப் பார். கிடைத்தால் எடுத்து வா, கார்த்தியிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
மணியன்