'குறைந்த' என்றாலே மீ.பொ.ம. ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குரூப் 4 தேர்வுக்கான தங்கள் கணிதப் பகுதியில், 'குறைந்த என்று கேட்டால் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு), அதிகபட்சம் என்று கேட்டால் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி)' என்று ஒரு குறுக்கு வழி வந்திருந்தது. இங்கே டெல்டா பக்கம் பயிற்சி வகுப்புகளிலும் இதை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். சில கணக்குகளில் பலிக்கும். சரியான இடத்தில் காலை வாரிவிடும்.

விதைநெல் கணக்கு ஒன்று. வெள்ளைப் பொன்னி 84 கிலோ, தூயமல்லி 126 கிலோ, பொன்மணி 210 கிலோ. ரகம் கலக்காமல், எல்லா மூட்டையும் ஒரே எடையில், மிச்சமில்லாமல் கட்ட வேண்டும். குறைந்தது எத்தனை மூட்டை? 'குறைந்தது' என்றதும் மீ.பொ.ம. எடுத்தால் 1260 வரும். மொத்த நெல்லே 420 கிலோதான்! மூட்டை குறைய வேண்டுமானால் ஒவ்வொரு மூட்டையும் கனக்க வேண்டும். ஆகவே எடைதான் மீப்பெரு: மீ.பொ.வ. 42 கிலோ. மூட்டைகள் 2 + 3 + 5 = 10. இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. 42 கிடைத்ததும் அதையே விடையாகக் குறித்துவிடுவார்கள். கேட்டது எடையல்ல, எண்ணிக்கை. 12, 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை புறப்படும் மூன்று பேருந்துகள் மறுபடி எப்போது சேர்ந்து புறப்படும் என்றால் அது வேறு. 60 நிமிடம், மீ.பொ.ம. கொடுத்த எண்களைச் சமமாகப் பங்கு போடுகிறோமா, அவற்றின் மடங்கைத் தேடுகிறோமா என்று பார்த்தாலே போதும். 'குறைந்த', 'அதிக' என்ற சொற்களுக்கு அதில் வேலையே இல்லை.

பங்கீட்டுக் கணக்கில் இன்னும் நுணுக்கம் வேண்டும். 60 மூட்டை யூரியாவை 5 ஊர்களுக்குப் பிரிக்கிறோம். ஊருக்கு ஒரு மூட்டையாவது உண்டு, எந்த இரண்டு ஊருக்கும் ஒரே எண்ணிக்கை கூடாது. அதிகம் பெறும் ஊருக்கு அதிகபட்சம் எத்தனை கிடைக்கலாம்? மற்ற நான்கையும் அடிமட்டத்துக்கு இறக்குங்கள்: 1 + 2 + 3 + 4 = 10; மிச்சம் 50. அதே ஊருக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிடைத்தே தீரும் என்றால், எல்லாவற்றையும் சராசரியான 12-ஐ ஒட்டி நெருக்க வேண்டும்: 10, 11, 12, 13, 14. விடை 14. 'ஒரே எண்ணிக்கை கூடாது' என்பதைப் படிக்காமல் விட்டவருக்கு 56-ம் 12-ம் வரும்; விடை வரிசையில் அவை இரண்டும் காத்திருக்கும்.

வேலிக் கணக்கிலும் இதே சிக்கல்தான். 40 மீட்டர் கம்பியால் செவ்வகத் தோட்டம் அடைத்தால், 10-க்கு 10 சதுரம், 100 சதுர மீட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் வாய்க்கால் கரை, அங்கே கம்பி தேவையில்லை என்றால்? மூன்று பக்கத்துக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். 178-க்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது. கரையிலிருந்து வரும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பாதிக் கம்பி, எதிர்ப் பக்கத்துக்கு மீதிப் பாதி: 10, 20, 10. பரப்பு 200. சமமாக்க வேண்டியது பக்கங்களை அல்ல, நீளத்துக்கும் அகலத்துக்கும் செலவாகும் கம்பியை.

முழுமையாக்குவதிலும் கவனம் தேவை. 530 கிலோ நெல்லை 40 கிலோ மூட்டையாகப் பிடித்தால் 13.25. மொத்தத்தையும் கட்டக் குறைந்தது 14 சாக்கு வேண்டும். நிறை மூட்டை அதிகபட்சம் 13. அரைக்குக் கீழே என்பதால் சாக்கையும் 13 என்று குறைப்பது தவறு. 'உறுதியாக' என்ற சொல் வந்தால் மோசமான நிலையை எண்ண வேண்டும். பையில் மூன்று நிறப் பந்துகள், நிறத்துக்கு ஐந்து. ஒரே நிறத்தில் 3 பந்து உறுதியாகக் கிடைக்க, பார்க்காமல் குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும்? 3 அல்ல, நிறத்துக்கு 2 வீதம் 6 போன பிறகு வரும் 7-வது.

குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 வினா. அதில் திறனறிவு 25, வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண். கேள்வியின் கடைசி வரியை இரண்டாம் முறை படிக்கப் பத்து விநாடி போதும். கிடைத்த விடையை நிபந்தனையில் போட்டுப் பார்க்க இன்னொரு பத்து.

அந்தக் குறுக்கு வழியைத் திருத்தி, அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
போட்டித் தேர்வுக் கணிதம் நடத்தும் ஆசிரியர்கள் சிலர்,
மன்னார்குடி.