ஆண்டறிக்கை: பிரஸ்ஸும் நம் அணியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மூத்த ஆட்டக்காரர்களே, பெற்றோர்களே, காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கோர்ட்டைக் கூட்டிவைக்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி நடக்கும் இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் நம் கூடைப்பந்துக் கழகத்தின் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கோர்ட் வேலைகள் சுருக்கமாக: வடக்குப் பக்க ரிங் நிமிர்த்தப்பட்டது, வலைகள் மாற்றப்பட்டன, கோடுகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்தாயிற்று. மூலை விளக்கு மட்டும் இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. எலெக்ட்ரீசியன் இந்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். போன பொதுக்குழுவின்போதும் அதைத்தான் சொன்னார். கோடைப் பயிற்சி முகாம் வழக்கம்போல் மே மாதத்தில் நடந்தது.

மற்றபடி இந்த அறிக்கையில் பெரும்பகுதி ஒரே விஷயம்தான். ஃபுல் கோர்ட் பிரஸ், அதாவது எதிரணி தன் பாதியில் காத்திருக்காமல் முழுக் கோர்ட்டிலும் ஏறி வந்து நம்மை மறிப்பது.

நம் ஆண்கள் அணி எப்படித் தோற்றுக்கொண்டிருந்தது என்று உறுப்பினர்களுக்குத் தெரியும். இரண்டு குவார்ட்டர் நன்றாக ஆடுவார்கள். மூன்றாவதில் எதிரணி முழுக் கோர்ட்டிலும் ஏறி மறிக்கும். அத்தோடு சரி. பழைய ஸ்கோர் ஷீட்களை எடுத்துப் பாருங்கள், அந்த இடத்தில் எதிரணியின் பக்கம் மட்டும் வரிசையாகக் கோடு விழுந்திருக்கும், நம் பக்கம் காலியாக இருக்கும். பந்து ரிங்கில் விழாத பிரச்சினை இல்லை அது. பந்து ஹாஃப் லைனையே தாண்டவில்லை.

செயற்குழுவில் இதைப் பேசியபோது பாதிப் பேர் ஸ்டாமினா போதவில்லை என்றார்கள். மீதிப் பேர் வெளியூரிலிருந்து வேகமாக டிரிபிள் செய்யும், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும், பையன் ஒருவனை கெஸ்ட் பிளேயராகக் கூட்டிவரலாம் என்றார்கள். நம் கோச் இரண்டையும் ஏற்கவில்லை. "பிரஸ் போடுகிறவன் நீ டிரிபிள் செய்ய வேண்டும் என்றுதான் காத்திருக்கிறான். நல்ல டிரிபிளரைக் கூட்டிவந்தால் அவனையும் சேர்த்துப் பிடிப்பான்" என்றார்.

அவர் விளக்கியதை என் மொழியில் தருகிறேன். கோர்ட் 28 மீட்டர் நீளம். ஹாஃப் லைனுக்கு 14 மீட்டர்தான். தாண்டுவதற்கு எட்டு விநாடி இருக்கிறது. எந்த ஆளின் ஓட்டத்தைவிடவும் பாஸ் வேகமாகப் போகும். இரண்டு மூன்று நல்ல பாஸுக்கு எட்டு விநாடி தாராளம். பிறகு ஏன் திணறுகிறோம்? டிராப், அதாவது பொறி. ஆட்டைச் சந்துக்குள் ஓட்டுவதுபோல நம் ஆளை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்கி, இரண்டு பேர் சேர்ந்து மூடுகிறார்கள். அதற்கு அவர்கள் விரும்பும் இடங்கள் இரண்டு. ஒன்று நம் பேஸ்லைன் (ரிங்குக்குப் பின்னால் உள்ள கோடு) மூலை. மற்றது ஹாஃப் லைனைத் தாண்டியவுடன் வரும் ஓரம். அங்கே பின்னால் போனால் பேக் கோர்ட் (தாண்டிய பந்தைத் திரும்ப நம் பாதிக்குக் கொண்டுபோகும் தவறு), பக்கத்தில் போனால் அவுட். கோடுகளே அவர்களுக்காக டிஃபென்ஸ் ஆடுகின்றன. ஆனால் பந்தின்மேல் இரண்டு பேர் போய்விட்டால், மிச்சமுள்ள நம் நான்கு பேரைப் பார்க்க அவர்களிடம் மூன்று பேர்தான். யாரோ ஒருவர் சும்மா நிற்கிறார். அவரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

உயரம் குறைந்த அணிகளே பிரஸ்ஸை அதிகம் நம்புகின்றன. அமெரிக்காவில் ஜான் வுடன் பயிற்றுவித்த யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணி 1964-இல் ஆடிய 30 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டம் பெற்றது. முதல் ஐவரில் ஆறரை அடி உயரமுள்ள ஆள் ஒருவர்கூட இல்லை. முன்னால் இருவர், நடுவில் இருவர், பின்னால் ஒருவர் என்று நிற்கும் 2-2-1 பிரஸ்தான் அவர்களுடைய ஆயுதம். நம்மைத் திணறடிப்பவர்களும் பெரும்பாலும் நம்மைவிடக் குட்டையான பையன்கள்தான்.

பயிற்சியில் முதலில் மாறியது த்ரோ-இன், அதாவது கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுவது. முன்பெல்லாம் பந்து வலையைவிட்டு விழுந்து உருண்டு ஓயும்வரை யார் எடுப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் எதிரணி ஐந்து பேரும் இடம் பிடித்துவிடும். இப்போது அதற்கென்று ஓர் உயரமான பையன் இருக்கிறான். விழுகிற பந்தைத் தரையில் பட விடாமல் பிடித்து, ரிங் போர்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, உடனே போடுகிறான். பாஸ்கெட் விழுந்தபின் போடும் த்ரோ-இன்னில் பேஸ்லைன் நெடுக ஓடலாம் என்ற சலுகை இருப்பதே நம் பையன்கள் பலருக்குப் புதுச் செய்தி.

அடுத்தது நடு ஆள். ஒருவன் கோர்ட்டின் நடுவே, ஒருவன் பந்துக்குச் சற்றுப் பின்னால், ஒருவன் ஓரத்தில் முன்னே, ஒருவன் எதிர் ரிங் பக்கம். பந்து நடுவுக்குப் போய்விட்டால் பிரஸ் பாதி உடைந்த மாதிரி. அந்த நடு இடத்துக்குக் கோச் நம் சென்டர் தம்பியைப் போட்டபோது நானே முணுமுணுத்தேன். ரிங்குக்கு அடியில் மட்டுமே பந்தைத் தொட்டுப் பழகியவன். ஆனால் பந்தை எதிர்கொண்டு ஓடிவந்து, இரண்டு காலையும் ஊன்றிப் பிடித்து, தாடைக்குக் கீழே வைத்துத் திரும்பி, பந்து வந்த பக்கத்தைப் பார்க்காமல் மறுபக்கத்தைப் பார்க்க அவன் பழகிவிட்டான். அந்த மறுபக்கம் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.

டிராப்பில் மாட்டினால் முதுகைக் காட்டக் கூடாது. உயரமாகத் தூக்கிப் போடும் பாஸும் கூடாது. டிராப்புக்குப் பின்னால் நிற்கும் மூன்றாவது ஆள் அதைத்தான் எதிர்பார்த்து நிற்கிறான். மேலே போடுவதுபோல் காட்டிக் கீழே போட வேண்டும். இதற்கான பயிற்சியில் நம் ஐந்து பேருக்கு எதிராக ஏழு பேர், டிரிபிளே கிடையாது. கூடுதலாக வேண்டிய ஆட்களுக்கு ஐம்பதைத் தாண்டிய நம் அண்ணன்மார் வந்தார்கள். அவர்கள் செய்யும் ஃபவுலுக்கு விசில் இல்லை என்று கோச் அறிவித்ததும் உற்சாகமாகிவிட்டார்கள். அவர்களிடம் அடிபட்ட பிறகு மாவட்டப் போட்டியில் வந்த பிரஸ் மென்மையாக இருந்ததாகப் பையன்களே சொல்கிறார்கள்.

விதிகளுக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெஃப்ரியாக இருக்கும் நம் உறுப்பினர் வகுப்பு எடுத்தார். எதிராளி தட்டிப் பந்து வெளியே போனால் எட்டு விநாடி மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்றே பலரும் நம்பியிருந்தார்கள். இல்லை, மிச்சமிருப்பதுதான் தொடரும். டிரிபிள் செய்துகொண்டு தாண்டும்போது பந்தும் இரண்டு காலும் முன்பாதிக்குள் வந்தால்தான் தாண்டியதாகக் கணக்கு. 2000-இல் பத்து விநாடி எட்டாகக் குறைந்தது. அதற்கு முன் ஆடிய அண்ணன்மார் சிலர் இன்னும் பத்துவரை எண்ணுகிறார்கள். அப்புறம் டைம்-அவுட். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவைப் பார்த்துவிட்டு, மாட்டிக்கொண்டவுடன் கையால் 'டி' காட்டும் பழக்கம் சின்னப் பையன்களிடம் வந்திருக்கிறது. நாம் ஆடும் சர்வதேச விதியில் டைம்-அவுட்டை பெஞ்சிலிருந்து கோச்சோ உதவிக் கோச்சோதான் கேட்க முடியும். முதல் பாதிக்கு இரண்டு, இரண்டாம் பாதிக்கு மூன்று.

பெண்கள் அணி இவை எல்லாவற்றையும் ஆண்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. தனியாக டிரிபிள் செய்து கைதட்டல் வாங்கும் ஆசை அங்கே யாருக்கும் இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். ஆண்கள் அணியில் அப்படி ஒரு பையனைக் கோச் கொஞ்ச நாள் பெஞ்சில் உட்காரவைத்தார். வீட்டார் வந்து என்னிடம் சத்தம் போட்டார்கள். கோச் செய்தது சரி என்பதே அன்றும் என் கருத்து, இன்றும் அதுதான். அந்தப் பையன் இப்போது பந்துக்குப் பின்னால் நிற்கும் ஆளாக ஒழுங்காக ஆடுகிறான்.

கோப்பை வரவில்லை. மாவட்ட அரையிறுதியில் எதிரணி மூன்றாவது குவார்ட்டரில் பிரஸ் போட்டது. முன்பானால் ஹாஃப் லைனைத் தாண்டியதும் அப்பாடா என்று நின்றுவிடுவோம். இந்தத் தடவை நிற்காமல் நம் மூன்று பேருக்கு அவர்கள் இரண்டு, நம் இரண்டு பேருக்கு அவர்கள் ஒன்று என்று ரிங் வரை போய் லே-அப் போட்டதும் அவர்களே பிரஸ்ஸை எடுத்துவிட்டார்கள். இறுதி ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டுத் தோற்றோம். அது அடுத்த வருடத்து வேலை.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். கோச்சின் மதிப்பூதியத்தை உயர்த்துவது. பெண்கள் அணிக்குத் தனியாக 6-ஆம் எண் பந்துகள் வாங்குவது. பயிற்சியில் அணி பிரித்து ஆட, மேலே போட்டுக்கொள்ளும் பிப் இரண்டு நிறத்தில் வாங்குவது. அண்ணன்மார் சனிக்கிழமை மாலைகளில் தவறாமல் வரவும். செருப்போடு கோர்ட்டில் இறங்க வேண்டாம். தேநீருக்குப் பிறகு நிர்வாகிகள் தேர்தல்.

இப்படிக்கு,
செயலாளர்