ஒன்பதாம் வகுப்பு வரை கூட்டிவந்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

என் இரட்டைப் பிள்ளைகள் 2025 ஜூன் 2ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எட்டாவது வரைக்கும் கூப்பிடு தூரத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. இனி வேதாரண்யத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். மகளுக்குப் பெண்கள் பள்ளி, மகனுக்கு வேறு பள்ளி. இதுவரை அவனை எது கேட்டாலும் அவள்தான் பதில் சொல்வாள்.

ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்லத்தான் ஆசை. விடியுமுன்னே உப்பளத்துக்குப் போய் வெயில் ஏறித் திரும்புகிறவளுக்கு அது முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல மகள் போனில் அடிக்கிறாள். அவளைப் பற்றிய வரிகளை வெட்டிவிடாமல் இருக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இந்த வயசுப் பிள்ளைகள் படித்த கதை கொஞ்சம் வேறு. இரண்டாம் வகுப்பில் கஜா புயல். 2018 நவம்பர் 16, பொழுது விடிவதற்குள் ஓடு, தென்னை, புத்தகப் பை எல்லாம் போயிற்று. மூன்றாம் வகுப்பு முடியுமுன் கொரோனா. நாலாம் வகுப்பில் ஒரு நாள்கூட வகுப்பறையைப் பார்க்காமலே 'பாஸ்'. 2021 நவம்பர் 1இல் பள்ளி திறந்தபோது ஐந்தாவதில் பாதி ஓடிவிட்டது.

புயலுக்குப் பிறகு பள்ளிக்கூடத்திலேயே உலை வைத்துத் தெருவுக்கே சோறு போட்ட சத்துணவு அக்காவுக்கும், நனைந்த புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்த இரண்டாம் வகுப்பு டீச்சருக்கும் முதல் நன்றி. டீச்சர், அந்தத் தமிழ்ப் புத்தகம் இன்னும் உப்பி, பருத்துப்போய் எங்கள் பெட்டியில் இருக்கிறது.

கொரோனாவில் விட்டுப்போன படிப்பைச் சாயங்காலம் தெருவிலேயே சொல்லிக்கொடுத்த அரசுத் திட்டம் இல்லம் தேடிக் கல்வி. அதற்குத் தன்னார்வலராக வந்த எங்கள் தெருத் தங்கச்சியைப் பற்றி ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாது. ஐந்தாம் வகுப்பில் என் மகனுக்கு ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுதான். கழித்தலில் கடன் வாங்கத் தெரியாது. அரசாங்கம் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய். அதில் சாக்பீஸும் சார்ட்டும் வாங்கியது போக என்ன மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தெரியும். வேலை முடிந்து வரும்போது அவள் திண்ணையில் பிள்ளைகள் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அங்கே ஒரு சட்டம் இருந்தது: புரியாவிட்டால் கையைத் தூக்க வேண்டும், தூக்கியவனைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. அக்காள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தவனைப் பிரித்து எதிர்ப்பக்கம் உட்காரவைத்ததும் அவள்தான். அன்றைக்கு எனக்கு மனசு கேட்கவில்லை. "இருங்கக்கா, பேசுவான்" என்றாள். பேசினான்.

தலைமையாசிரியர் அம்மாவுக்கு. தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்கு நீங்கள் சனிக்கிழமைகளில் எடுத்த வகுப்பால் மகள் தேறினாள். பிளஸ் டூ வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் அவள் பெயரில் வரும். அது பெரிய உதவிதான். ஆனால் தேறாத மகனைக் கூப்பிட்டு, விடைக்குறிப்பை வைத்துச் சரிபார்த்து, "மனத்திறன் தாளில் நீ உன் அக்காவைவிட நல்லா போட்டிருக்கடா" என்று காட்டினீர்களே, அதை நான் பெரிதாக நினைக்கிறேன். அன்றிலிருந்து எண்தொடர்க் கணக்கு கிடைத்தால் சோறு வேண்டாம் அவனுக்கு.

விடியற்காலையில் நான் இல்லாத வீட்டில் இரண்டு பேரையும் எழுப்பி, தலைவாரி, விரட்டிவிட்ட பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு நன்றி. எட்டாவது வரை சீருடை இலவசமாக வந்தது. ஒன்பதுக்கு நாம்தான் துணி எடுக்க வேண்டும். "கூலியை மெதுவாகக் கொடு" என்று தைத்துக் கொடுத்த தையல்கார அண்ணனுக்கும், ஓடி வருகிற பிள்ளையைப் பார்த்தால் விசிலை நிறுத்திவைக்கிற காலை வண்டி நடத்துநருக்கும் நன்றி.

இனி என் ஆசை. எட்டு வரை நிறுத்திவைக்காமல் மேலே அனுப்பினார்கள், இனி அப்படி இல்லை. ஒன்பதிலோ பத்திலோ சறுக்கிய பையன்கள் எங்கே வருவார்கள் என்பதை நான் தினமும் உப்புப் பாத்தியில் பார்க்கிறேன். அந்த வேலை கேவலமில்லை; காலும் கண்ணும்தான் சீக்கிரம் போய்விடும். மகளுக்குப் பதினோராம் வகுப்பில் முதல் குரூப் வேண்டுமாம். பத்தாவது போதுமே என்று சொல்லும் சொந்தக்காரர்களுக்கு ஒரு கணக்கு: ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இனிமேல் இந்தப் பேச்சை என்னிடம் எடுக்க வேண்டாம்.

மகனுக்கு நான் கேட்பது மார்க் இல்லை. புதுப் பள்ளியில், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத வகுப்பில், எழுந்து நின்று "சார், புரியலை" என்று அவன் சொல்ல வேண்டும். அங்குள்ள ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே என் நன்றி. அவன் கை தூக்கினால் மெதுவாகத்தான் தூக்குவான், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் உப்பளம் ஓய்ந்ததும் வீட்டில்தான் இருப்பேன். எல்லாரும் ஒருநாள் சாப்பிட வாருங்கள். தங்கச்சி, நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வராதே.

இப்படிக்கு,
இரட்டையர்களின் அம்மா
வேதாரண்யம் பக்கம்