ஆறுமணிக்குருவியைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்த பிள்ளைக்கு

அன்புள்ள பெறாமகளுக்கு,

பெறுபேறு வந்த அன்று இரவு கொப்பா எனக்குக் கோல் எடுத்து அரை மணித்தியாலம் புலம்பினார். வைத்திய பீடத்துக்கு வெட்டுப்புள்ளி காணாது என்பதைக்கூடத் தாங்கிக்கொண்டார். விஞ்ஞான பீடத்துக்குப் போய்ப் பறவை ஆராய்ச்சி செய்வேன் என்று நீ சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "குருவி பார்த்தால் சோறு கிடைக்குமோ?" என்றார். நான் சிரித்துவிட்டேன். இப்போது நம் இரண்டு பேரோடும் கதையில்லை. வெள்ளவத்தையில் இன்னும் எத்தனை வீட்டில் இதே சண்டையோ என்றுதான் இதை எல்லோரும் வாசிக்கப் போடுகிறேன்.

உனக்கு எட்டு வயது. ஒரு ஒக்டோபர் காலையில் எங்கள் விறாந்தையில் ஆறுமணிக்குருவி ஒன்று சுருண்டு கிடந்தது. பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. இமயமலை அடிவாரப் பக்கமிருந்து வந்து களைத்து விழுந்தது அது. நீ சப்பாத்துப் பெட்டியில் துணி விரித்து வைத்தாய். பொழுது படும் நேரம் குறோட்டன் செடியடியில் விட்டோம். தத்தித் தத்திப் போய் இருட்டுக்குள் மறைந்தது. நீ அழுதாய்.

அந்த அழகை நம்பித்தான் இந்தப் படிப்புக்குப் போகிறாய் என்றால் கொஞ்சம் பொறு. சரத் கொட்டகமவை எடுத்துக்கொள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 1976இல் இலங்கைக் களப் பறவையியல் குழுவைத் தொடங்கியவர். ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் கலாநிதிப் பட்டத்துக்கு அவர் எடுத்த பறவை எது தெரியுமா? கிளி. அபூர்வமான எதுவுமில்லை, வயலில் நெல்லைக் கொறிக்கிறது என்று விவசாயி திட்டுகிற அதே பச்சைக்கிளி. எல்லோரும் பார்த்துச் சலித்த பறவையை வருடக்கணக்காகப் பார்த்துக் கணக்கெழுதுவதுதான் இந்தத் தொழிலில் முக்கால்வாசி.

அப்புறம் சிங்கராஜ மழைக்காடு. நான் போனபோது என் காலில் ஏறிய அட்டைகளைத்தான் முதலில் எண்ணினேன். திடீரென்று மரங்களுக்குள் ஒரே இரைச்சல். செம்மஞ்சள் அலகுப் புலுனிகள் முன்னால், அவற்றோடு கொண்டைக் கரிச்சான், பின்னால் என்னென்னவோ. பத்துப் பன்னிரண்டு இனம், நாற்பது பறவை ஒன்றாக நகர்வது அங்கே சாதாரணம். இரண்டு நிமிடத்தில் எல்லாம் போய்விட்டது. திரும்ப அட்டையும் நானும்தான். கொட்டகமவும் மாணவர்களும் அந்தக் கூட்டங்களை 1980களிலிருந்து விடாமல் பதிவு செய்தார்கள். பிறகு எபென் குடேல் என்ற ஆய்வாளரும் அவரும் கரிச்சானின் குரலை ஆராய்ந்தார்கள். அது மற்றப் பறவைகளைப் போலக் கத்தும் கள்ளப் பறவை. ஆனால் கண்டபடி கத்துவதில்லை. ஆபத்து என்றால் மற்றவற்றின் அபாயக் குரலையும், ஆபத்தில்லாத நேரத்தில் அவற்றின் சாதாரணக் குரல்களையும் எடுக்கிறது. அந்தக் குரல்களைக் காட்டில் ஒலிக்கவிட்டுப் பார்த்தபோது மற்ற இனங்கள் அதைக் கேட்டு வந்தன. ஒலிபெருக்கியும் குறிப்புப் புத்தகமுமாகக் காட்டில் நின்று பிடித்த விஷயம் இது.

பொறுமைக்கு இந்த உதாரணம் போதாது என்றால் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொட இருக்கிறார். 1995இல் கித்துல்கலப் பக்கம் இரவில் பழக்கமில்லாத ஒரு கூவல் கேட்டது அவருக்கு. பறவையைக் கண்ணால் கண்டது 2001 ஜனவரியில், சிங்கராஜவில். உலகத்துக்கே புதிய ஆந்தை. 1970களில் அந்தக் காட்டில் மரம் வெட்டுவதற்கு எதிராக நின்ற திலோ ஹொஃப்மனின் பெயரை அதன் அறிவியல் பெயரில் வைத்தார்கள். காடு போயிருந்தால் ஆந்தையைத் தேட எங்கே போவது?

காசு குறைவு, மறைக்கவில்லை. களத்தில் சிங்களம் தெரியாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது, அதையும் இப்போதே பழகு. ஆனால் வங்காலையிலும் மன்னார்க் கரையிலும் பூநாரை எந்த மாதம் எந்தச் சேற்றில் இறங்கும் என்று தமிழில் சொல்ல மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கதைக்க உன்னால் முடியும். என் கண்ணுக்கு அது கலாநிதிப் பட்டத்தில் பாதி.

தூரம் போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்று பெயரெடுத்த ஊர் நம் கொழும்பு. பெல்லன்வில–அத்திடிய சதுப்பு பஸ்ஸில் போகிற தூரம்தான். என் பைனாகுலர் அலுமாரியில் கிடக்கிறது, ஒரு பக்கக் கண்ணாடியில் கொஞ்சம் பூஞ்சணம். வந்து எடுத்துக்கொண்டு போ.

ஒன்று கேட்கட்டுமா? அந்த ஆறுமணிக்குருவி விழுந்தது ஒக்டோபரில் என்ன திகதி? எனக்கு நினைவில்லை, எழுதி வைக்கவுமில்லை. இந்த முறை ஒழுங்கையில் அதன் முதல் சத்தம் கேட்கிற அன்று நீ எழுது.

அன்புடன்,
சித்தப்பா