பில் பாஸ் ஆகும் முன் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் சம்பள பாக்கி கேட்டு நகராட்சி அலுவலக வாசலில் உட்காரும் செய்தி அடிக்கடி வருகிறது. அதிகாரிகள் சொல்லும் பதிலும் மாறுவதில்லை: 'அது ஒப்பந்ததாரர் பிரச்சினை, அவருக்கு நாங்கள் பணம் கொடுத்துவிட்டோம்.' நகராட்சிக் கணக்குப் பிரிவில் ஒப்பந்ததாரர் பில்களைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொன்னது. சம்பளம் கொடுப்பது ஒப்பந்ததாரர் கடமை. அவர் கொடுக்காவிட்டாலோ, குறைத்துக் கொடுத்தாலோ, முதன்மை வேலையளிப்பவரான நகராட்சியே கொடுத்துவிட்டு அவருடைய பில்லில் பிடித்துக்கொள்ள வேண்டும். சம்பளப் பட்டுவாடாவின்போது நகராட்சியின் பிரதிநிதி ஒருவர் கூடவே இருந்து சான்றளிக்க வேண்டும் என்றும் அதே பிரிவில் இருந்தது. அப்படி யாராவது போய் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லட்டும். 2020-இல் வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கடைசிப் பொறுப்பு நகராட்சி மேல்தான் இருக்கிறது.

சரி, பில் எப்படி பாஸ் ஆகிறது? பில்லோடு, பி.எப். (வருங்கால வைப்பு நிதி) கட்டியதற்கான சலான் நகல் ஒன்று இணைத்திருப்பார்கள். அதில் மொத்தத் தொகை இருக்கும்; எந்த ஊர் வேலைக்கு, எந்தத் தொழிலாளிக்கு என்பது இருக்காது. மூன்று நான்கு ஊர்களில் வேலை எடுத்த ஒப்பந்ததாரர் ஒரே சலானை எல்லா அலுவலகத்திலும் காட்டிவிடலாம். சலானுக்குப் பின்னால் இ.சி.ஆர். என்ற பெயர்வாரிப் பட்டியல் உண்டு. ஒவ்வொருவரின் யு.ஏ.என். என்ற பி.எப். அடையாள எண், சம்பளம், கட்டிய தொகை எல்லாம் அதில் வரும். அதை வருகைப் பதிவேட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடுபட்ட பெயர் உடனே தெரிந்துவிடும். ஒரு வார்டுக்கு அரை மணி நேர வேலைகூட இல்லை.

எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் அம்மா, தன் மகளின் போனில் பி.எப். பாஸ்புக்கைக் காட்டினார். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம் நடக்கிறது. பாஸ்புக்கிலோ பழைய ஒப்பந்ததாரர் போனதோடு வரவு நின்றுவிட்டது. புதியவர் வேறு யு.ஏ.என். போட்டுவிட்டாரா, கட்டவே இல்லையா என்று அந்த அம்மாவுக்குச் சொல்ல ஆளில்லை. தொழிலாளி பங்கு 12 சதவீதம், நிறுவனப் பங்கு 12 சதவீதம், இரண்டுமே அவர் விடியற்காலையில் எழுந்து உழைத்த பணம். மனசு பொறுக்கவில்லை.

கையுறை, முகக்கவசம், காலணி, மழைக்கோட்டு எல்லாம் தரப்பட வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. டெண்டர் நிபந்தனையிலும் எழுதுகிறார்கள். ஆனால் வாங்கிக் கொடுத்ததற்குத் தொழிலாளியின் கையெழுத்து எங்கே என்று பில்லைப் பார்க்கும்போது கேட்பதில்லை. உடைந்த கண்ணாடி கையைக் கிழித்த பிறகு, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் மருந்தகத்துக்குப் போனால், சந்தா கட்டவில்லை என்று அங்கேதான் தெரிகிறது.

ஒப்பந்ததாரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நகராட்சி மாதக்கணக்கில் பில்லை நிலுவையில் போட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? நகராட்சி அதைத் திருத்திக்கொண்டே ஆக வேண்டும். ஆனாலும் மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்ற சட்டம், பில் வந்ததா வரவில்லையா என்று பார்ப்பதில்லை. அந்தச் சுமையைத் தாங்க முடியாதவர் டெண்டரில் கலந்துகொள்ளக் கூடாது.

நகராட்சி நிர்வாக இயக்குநரகம் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். முந்தைய மாதத்து இ.சி.ஆர்., இ.எஸ்.ஐ. பட்டியல், வங்கியில் சம்பளம் வரவு வைத்த விவரம் மூன்றும் வருகைப் பதிவேட்டோடு ஒத்துப்போனால் மட்டுமே பில் பாஸ் ஆக வேண்டும். ஒப்பந்தம் முடிந்து ஆள் மாறும்போது, தொழிலாளர் பாக்கி ஒரு ரூபாய் இருந்தாலும் பழையவரின் வைப்புத்தொகையை விடுவிக்கக் கூடாது. அப்புறம், எந்த மாதம் வரை பி.எப். கட்டியாயிற்று என்பதை வார்டு அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். கவுன்சிலர்கள் அடுத்த மன்றக் கூட்டத்திலேயே இதைக் கேட்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகராட்சிக் கணக்குப் பிரிவு ஊழியர்