89 டால்டன் எங்கே போயிற்று?

அன்புள்ள மாறன்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. கோபித்துக்கொள்ளாதே, 89 என்ற ஓர் எண் என்னைப் பிடித்து வைத்திருந்தது.

ஈஸ்ட் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்து நிறை பார்த்தேன். அதன் மரபணுவை வைத்துப் போட்ட கணக்கைவிட 89 டால்டன் குறைவு (ஒரு டால்டன் என்பது கிட்டத்தட்ட ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை). கருவியைத் திட்டினேன். புது மாதிரி தயாரித்தேன். மறுபடியும் அதே 89. ஒரு வாரம் கழித்துத்தான் அதன் அமினோ அமில வரிசையின் தொடக்கத்தைக் கவனித்தேன்: முதலில் மெத்தியோனின், அடுத்தது செரின். இரண்டாவது இடத்தில் செரின் மாதிரிச் சின்ன அமினோ அமிலம் இருந்தால் செல் பெரும்பாலும் முதல் மெத்தியோனினை நறுக்கிவிடும். அதில் 131 போயிற்று. நறுக்கிய முனையில் அசெட்டைல் என்ற சிறு வேதித்தொகுதி ஒட்டும், அதில் 42 வந்தது. கழித்துப் பார்! இதையே பல வருடம் பாடமாக நடத்தியவன் நான். வெட்கமாக இருந்தது.

'1996இலேயே ஈஸ்ட்டின் மொத்த மரபணுத்தொகுதியையும் படித்தாயிற்றே, சுமார் 6000 மரபணுக்கள் கையில் இருக்க, புரதத்தை ஏன் நோண்டுகிறாய்?' என்று கேட்டிருந்தாய். விஎம்ஏ1 என்ற மரபணுவை எடுத்துக்கொள். அதைப் படித்தால் 1071 அமினோ அமிலம். செல்லில் அந்தப் பெயரோடு வேலை பார்க்கும் புரதத்திலோ 617தான். நடுவிலிருக்கும் 454 தன்னைத்தானே அறுத்துக்கொண்டு வெளியேறுகிறது, போகிற போக்கில் இரண்டு பக்கத் துண்டுகளையும் ஒன்றாக இணைத்தும் விடுகிறது. மரபணுவின் நகலான ஆர்என்ஏவில் நடக்கும் வெட்டு இல்லை இது, புரதமான பிறகு நடப்பது. வெளியே வந்த துண்டும் சும்மா இருப்பதில்லை. அது டிஎன்ஏவை வெட்டும் நொதி. தன்னை உருவாக்கும் டிஎன்ஏ வரிசை இல்லாத விஎம்ஏ1 பிரதியைத் தேடிப்பிடித்து வெட்டும். செல் அந்த வெட்டைச் சரிசெய்யும்போது அந்த வரிசையும் அங்கே படியெடுக்கப்பட்டுவிடும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத திருட்டு இது.

எந்தப் புரதம் எவ்வளவு இருக்கும் என்பது இன்னொரு தலைவலி. ஆர்என்ஏவின் அளவை வைத்துச் சொன்னால் பல நேரம் தப்பாகிவிடுகிறது. நேரில் பேசுவோம்.

முழங்கால் இப்போது எப்படி? நடக்கிறாயா?

மேசையில் அடுத்த புரதம் காத்திருக்கிறது. இதில் 80 டால்டன் கூடுதல். பாஸ்பேட்டாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அது உட்காரக்கூடிய செரின் மட்டுமே 11 இருக்கிறது. நாளை துண்டு துண்டாக வெட்டித் தேட வேண்டும்.

அன்புடன்,
செழியன்