'விளங்கிச்சா?' என்று கேட்டால் 'ஓம்' என்றுதான் பதில் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் அரச அறிவித்தல்கள் தமிழில் வருவதில்லை என்ற முறைப்பாடு பழையது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிய பிறகும் அது முற்றாகத் தீரவில்லை. தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும். ஆனால் தமிழில் வந்துவிட்ட அறிவித்தலும் பல வேளை ஆளைப் போய்ச் சேருவதில்லை. எழுத்துப் பிழையே இல்லாத தமிழும் அப்படி நின்றுவிடுகிறது. கேட்கிறவர் எந்த வீட்டில், எந்தப் பேச்சுக்குள் இருந்து அதைக் கேட்கிறார் என்பதை எழுதுகிறவர் கணக்கில் எடுப்பதில்லை.

மருந்தில் தொடங்குவோம், ஏனென்றால் அங்கேதான் உடனே தீங்கு வருகிறது. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனிப் பக்கற் ஒன்றை ஆறிய கொதிநீர் ஒரு லீற்றரில் கரைக்க வேண்டும். வாயால் சொல்லும்போது அது சுலபமாக 'ஒரு போத்தல் தண்ணி' ஆகிவிடுகிறது. நம்முடைய வீடுகளில் தேங்காயெண்ணெய் தொட்டு எல்லாவற்றுக்கும் போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர். அந்த அளவில் கரைத்தால் கரைசல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தடித்துவிடும். குழந்தையின் உடம்பில் உப்பு ஏறும், வயிற்றோட்டமும் கூடலாம். 'கோப்பை' இன்னும் சிக்கல். சிங்களத்தில் 'கோப்பய' தேநீர் குடிக்கும் கிண்ணம். நம் பக்கத்துத் தமிழில் கோப்பை பெரும்பாலும் சோறு போட்டுச் சாப்பிடும் தட்டு. சிங்களத் துண்டுப்பிரசுரத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அளவே கெட்டுவிடும். 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் தூக்கிக் காட்டி 'இதால ரெண்டு தரம்' என்று சொல்வதுதான் பிழைக்காத வழி. கரைத்ததில் மிச்சத்தை 24 மணித்தியாலத்துக்குப் பிறகு வெளியே கொட்டிவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

'சாப்பாட்டுக்குப் பிறகு' என்ற வரியும் அப்படித்தான். சாப்பாடு என்றால் சோறு. காலையில் தேத்தண்ணியும் பணிசும் எடுத்தவர் தான் சாப்பிடவில்லை என்றே நினைப்பார், குளிசையையும் விட்டுவிடுவார். 'எதையாவது வயிற்றில் போட்ட பிறகு' என்று சொன்னால் போதும். நோன்பு மாதத்தில் 'மூன்று வேளை' என்ற சொல்லே பொருந்தாது. சஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் இடையில் 13 மணித்தியாலத்துக்கு மேல் போகிறது. சீனி வருத்தக்காரர் தானாக ஒரு வேளையை விடுவார், அல்லது இரண்டு வேளைக் குளிசையை ஒன்றாகப் போடுவார். இரண்டும் ஆபத்து. நோன்பு வருவதற்கு முன்பே, கிளினிக்கில், 'நோன்பு பிடிக்கப் போறீங்களா?' என்று கேட்டு வைத்தியர் வேளையை மாற்றித் தர வேண்டும். கேட்காவிட்டால் நோயாளி தானாகச் சொல்லமாட்டார். பிடிக்க வேண்டாம் என்று தடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

அடுத்தது 'ஓம்'. 'மருந்து குடிக்கேல்லையா?' என்று கேட்டால் 'ஓம்' என்பார் ஒருவர், 'இல்லை' என்பார் இன்னொருவர். இருவரும் சொல்வது ஒன்றுதான்: குடிக்கவில்லை. ஆங்கிலத்தில் அச்சான படிவத்தில் புள்ளடி போடுகிறவர் முதலாமவரைக் குடித்தவர் பட்டியலில் சேர்த்துவிடுவார். எதிர்மறையாகக் கேள்வி கேட்பதையே விட்டுவிடுங்கள். 'நேற்று எத்தனை குளிசை போட்டீங்க?' என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். 'விளங்கிச்சா?' என்ற கேள்வியால் ஒரு பயனும் இல்லை. விளங்கவில்லை என்றால் சொல்லித் தந்தவரைக் குறை சொன்னதாகிவிடும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். மரியாதைக்காக 'ஓம்' என்பார்கள். 'வீட்டில கேட்டா என்னெண்டு சொல்லுவீங்க?' என்று கேட்டால், விளங்கியதும் விளங்காததும் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

சொல்லக் கூசுவதையும் அமங்கலமானதையும் வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதற்குத் தமிழ் இலக்கணம் இடக்கரடக்கல், மங்கலம் என்று பெயரிட்டு வைத்திருப்பவை இன்றும் கவுண்டரில் வந்து நிற்கின்றன. 'முழுகாமல் இருக்கிறா' என்று மாமியார் சொன்னால் பெண் கர்ப்பமாக இருக்கிறாள். தமிழை வகுப்பில் படித்த உத்தியோகத்தருக்கு அது குளிக்கவில்லை என்று விளங்கும். எக்ஸ்றேக்கு அனுப்பும் முன் இது எவ்வளவு பெரிய வித்தியாசம்! 'தவறிட்டார்' என்றால் இறந்துவிட்டார். 'என்னைப் பேசிப்போட்டார்' என்றால் ஏசிவிட்டார். முறைப்பாட்டுப் புத்தகத்தில் அது 'என்னுடன் உரையாடினார்' என்று பதிவாகக்கூடாது. பெண்களின் காரியங்களை ஆண் உரைபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டால் பாதிதான் வெளியே வரும். வீட்டுப் பிள்ளையை உரைபெயர்க்கப் பிடிப்பது அதைவிடப் பிழை. தாய் தன் உடம்பைப் பற்றி மகன் வாயால் சொல்லவிடமாட்டாள்.

உறவுச் சொற்கள் வேறு. 'தாத்தாவுக்குச் சீனி இருந்ததா?' என்ற கேள்வியில் தாத்தா தமிழருக்குப் பாட்டன், சிங்களவருக்குத் தகப்பன், சில முஸ்லிம் குடும்பங்களில் மூத்த சகோதரி. 'உங்களைப் பெத்த தகப்பன்', 'தகப்பனின்ர தகப்பன்' என்று உடைத்துக் கேட்க வேண்டும். 'பள்ளி'யும் இப்படித்தான். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து 'பள்ளிக்குப் பக்கத்தில' என்று சொன்னால், கிண்ணியாவிலும் மூதூரிலும் அது பள்ளிவாசல். வேறு தமிழருக்குப் பள்ளிக்கூடமாகலாம். சிங்களத்தில் 'பல்லிய' பெரும்பாலும் கிறிஸ்தவ தேவாலயம். ஒரே வீதியில் மூன்றும் இருக்கும் ஊர் எங்களுடையது. பாடசாலையின் அல்லது பள்ளிவாசலின் முழுப் பெயரையும் சந்தியின் பெயரையும் சேர்த்துச் சொல்ல எல்லாரும் பழக வேண்டும்.

ஒலிபெருக்கி அறிவித்தல்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 'கடற்றொழிலாளர்கள் கடலுக்குச் செல்வதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.' தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். 'வேண்டாம்' என்ற செய்தியும் கடைசியில்தான் வரும். முச்சக்கர வண்டி மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் 20 செக்கனில் 110 மீற்றர் கடந்துவிடும். அந்த நேரத்தில் வாசிக்கும் அறிவித்தலில் ஒரு வீட்டுக்குக் கேட்பது நடுத்துண்டு மட்டும். 'கடலுக்குச் செல்வதை' என்பதோடு காற்று மிச்சத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். பேச்சுத் தமிழ் வினையை முன்னுக்குக் கொண்டுவர இடம் தருகிறது: 'போகாதீங்க! இண்டைக்கு இரவு கடலுக்குப் போகாதீங்க!' வண்டியைச் சந்தியில் நிறுத்தி, பாங்கு சொல்லும் நேரத்தையும் கோயில் பூசை மணி நேரத்தையும் தவிர்த்து, இரண்டு தரம் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம் எட்டுச் சொல்லுக்கு மேல் போகக்கூடாது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருக்கும் நிலாவெளி, குச்சவெளித் தொழிலாளிக்கு அந்தப் பெயரையே சொல்லுங்கள். காற்றின் வேகத்தைச் சொல்லும் கிலோமீற்றர் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும். 'பின்னேரம்' என்று மட்டும் விடாமல் மணியையும் சொல்லுங்கள்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. எழுதிய அறிவித்தலை அச்சுக்கு அனுப்பும் முன் நான்கு பேருக்கு வாசித்துக் காட்டினால் போதும்: நகரத்தில் ஒருவர், கிண்ணியா அல்லது மூதூரில் ஒருவர், வெருகல் பக்கத்தில் ஒருவர், தமிழைப் பிறகு படித்த சிங்களவர் ஒருவர். கையில் தாளைக் கொடுக்கக்கூடாது. காதால் கேட்கவிட வேண்டும். பிறகு ஒரே கேள்வி: 'இப்ப நீங்க என்ன செய்வீங்க?' இருவர் வேறு வேறாகச் சொன்னால் அந்த வரியைத் திருத்தி மறுபடி வாசிக்க வேண்டும். அரை மணித்தியால வேலை. கேட்பவர்களாக அலுவலக ஊழியர்களையே பிடித்து வைத்தால் பயன் இல்லை, அவர்களுக்கு அந்த நடை பழகிப்போய்விட்டது.

மாரிக்கு முன், வெள்ள அறிவித்தலையும் ஜீவனி கரைக்கும் முறையையும் இப்படிச் சோதித்து எடுக்குமாறு மாவட்டச் செயலகத்தையும் சுகாதாரப் பகுதியினரையும் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
மொழிபெயர்ப்பாளர்கள், உரைபெயர்ப்பாளர்கள் சிலர்
திருகோணமலை